தாகம் மறந்த ஆறு நாள்

எங்கள் குளியலறை வாசலில் கிடக்கும் எடை இயந்திரத்தைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. அந்த ஆவணி மாதம் முழுவதும் ஒரே எண்ணைத்தான் காட்டியது. காலையில் பல் தேய்க்கும் முன் ஏறினாலும் அதே எண். தோடு, வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஏறினாலும் அதே எண். ஒருநாள் ஆத்திரத்தில் அதைத் தூக்கி வந்து ஹாலில் போட்டு ஏறினேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "இடம் மாத்துனா எடை மாறுமா?" என்று கேட்டார். மாறவில்லை.

சிரிக்கிற விஷயமில்லை இது. அந்த எண்ணிலிருந்து இன்னும் நாலு கிலோ குறைந்தால்தான் என் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து என் தம்பிக்கு வைப்பார்கள்.

தம்பி ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஷிப்ட் ஷிப்டாக ஊருக்கெல்லாம் மாத்திரை செய்தவன், தனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதைத் தெரிந்துகொள்ளவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. எனக்குச் சேர்ந்தது. ரிப்போர்ட் வந்த அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பரீட்சையில் பாஸானவள் மாதிரி எல்லோருக்கும் போன் செய்தேன்.

மாற்று ஆபரேஷன் செய்யும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். எல்லாம் சரி, எடைதான் அதிகம் என்றார். ஒரு சிறுநீரகத்தோடு மீதி ஆயுளை ஓட்டப் போகிறவளின் உடம்பில் இத்தனை பாரம் கூடாதாம். குறைத்துவிட்டு வாருங்கள் என்று ஒரு ஹார்மோன் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை எழுதிக் கொடுத்தார்.

ஊசி என்றால் சிரிஞ்சு இல்லை, பேனா மாதிரி இருக்கும். பிரிட்ஜ் கதவில் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்புளுக்குப் பக்கவாட்டில் சதையைப் பிடித்துக் குத்தினால் வேலை முடிந்தது. பிடிப்பதற்குச் சதைக்குப் பஞ்சமில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் அதிசயமாக இருந்தது. பசி என்ற ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோனது. நாலு தோசைக்குக் குறைந்து எழுந்திராதவள் ஒரு தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். திருமுல்கேரியில் நான் வேலை செய்யும் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில், எதிர் மேஜைக்காரி, "மேடம், என்ன சாப்பிடறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று நச்சரித்தாள். நடைப்பயிற்சி என்று சொல்லிவைத்தேன். வாசலிலிருந்து ஸ்கூட்டர் வரை நடப்பதும் நடைதானே.

அப்புறம்தான் எண் நின்றுபோனது. கூடவே அசதி வந்தது.

அசதி என்ற சொல் அதற்குப் போதாது. நனைந்த ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பது போல இருந்தது. அலுவலகத்தில் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று போனைப் பார்ப்பதாகப் பாவனை செய்வேன். சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திக் கால் ஊன்றினால் முழங்கால் நடுங்கும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் வந்து, "ஏமைந்திம்மா? ஆர் யூ ஓகே?" என்பாள். நான் தமிழில் கேட்டாலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்கிறவள். எந்த மொழியில் கேட்டாலும் எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன். எடை இப்படி நடுவில் நிற்பது சகஜம்தான், உடம்பு பழகிக்கொள்கிறது, பயப்படாதீர்கள் என்றார். அசதிக்குக் காரணம் நான் சரியாகச் சாப்பிடாததுதான் என்றார். முட்டை, பருப்பு, தயிர் கட்டாயம் சாப்பிட வேண்டும், கை கால்களுக்கு லேசான பயிற்சி வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தலையாட்டினேன். ஆட்டுவதில் நான் கெட்டிக்காரி. வீட்டுக்கு வந்து முட்டையை உடைத்தால் வாடையே குமட்டியது. பருப்பு தொண்டையில் நின்றது. தண்ணீரோ, ஞாபகமே வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தம்பியின் கை சதி செய்தது. டயாலிசிஸ் செய்வதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். அது அடைத்துக்கொண்டது. வலது கையில் புதிதாகச் செய்தார்கள், ஆனால் அது முதிர்ந்து பயன்பட மாதக்கணக்காகும். அதுவரை கழுத்தில் ஒரு குழாய். அதில் கிருமி புகுந்தால் ரத்தம் முழுக்கப் பரவிவிடும், ஆபரேஷனைச் சீக்கிரம் முடிப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூடத் தேவலை.

டயாலிசிஸ் நடக்கும் இடம் செகந்திராபாத் பக்கம் என்பதால், முடிந்ததும் தம்பி மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போவான். கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் அவன் மனைவி நிரப்பிக் கொடுப்பது. நாள் முழுக்க அவனுக்கு அனுமதித்த தண்ணீர் அவ்வளவுதான். சிறுநீர் பிரியாத உடம்பில் அதற்கு மேல் போனால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். நாக்கு வறண்டால் எங்கள் பிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வான். அந்த ஐஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"எடை எங்கக்கா நிக்கி?" என்று கேட்டான் ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டே.

"நின்ன எடத்துலதான் நிக்கி."

"எதுக்கு இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எனக்கு ஒரு கிட்னி போதும். நாலு கிலோவையும் சேத்துக் கேக்கலியே."

சிரித்தேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவன் கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிய அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம், என் இடுப்புச் சதைதான் அவனைக் கொல்லப் போகிறது என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்தது. தம்பி மனைவி போன் செய்தாள். "மதினி, சஷ்டி வருதுல்லா? அவுகளுக்காக நாம ரெண்டு பேருமா விரதம் இருப்போமா?"

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கந்த சஷ்டி என்றால் எங்கள் சனத்துக்கு ரத்தத்தில் ஊறியது. ஊரில் இருந்தால் ஆறு நாளும் திருச்செந்தூர்க் கடற்கரையில் கிடப்பார்கள். ஹைதராபாத்துக்கு வந்து ஒரு தலைமுறை கடந்த பின்னும் எங்கள் வீட்டில் அது விட்டுப்போகவில்லை. விரதத்தில் பல தினுசு உண்டு. பால் பழம் சாப்பிடுகிறவர்கள் உண்டு, இளநீர் மட்டும் குடிக்கிறவர்கள் உண்டு. எங்கள் அம்மா இருந்தது கடுமையான விரதம். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் கிடையாது, சாயங்காலம் பூஜை முடிந்து ஒரு தம்ளர் பால். அவ்வளவுதான்.

நான் உடனே சரி என்றேன். தம்பிக்காகத்தான். பொய்யில்லை. ஆனால் சரி என்று சொல்லும்போதே என் மனசு எடை இயந்திரத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. ஆறு நாள் பட்டினி கிடந்தால் எந்த எண்தான் அசையாது? விரதம் முடிந்த கையோடு எனக்கு மறு பரிசோதனை வேறு வைத்திருந்தார்கள். முருகனே நாள் குறித்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு இட்லி குறைத்துச் சாப்பிட்டால் போதும், என்ன உடம்புக்கு, ஏன் சாப்பிடல, காபியாவது குடி என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொள்வார்கள். விரதம் என்று சொல்லிவிட்டால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். என் கணவர் ஒருவர் மட்டும், "ஊசியும் போட்டுக்கிட்டு விரதமுமா? டாக்டரைக் கேட்டியா?" என்றார். "சாமி காரியத்துக்கு டாக்டர்ட்ட பர்மிஷன் கேப்பாகளா?" என்று சீறினேன். அதோடு அவர் பேப்பருக்குள் போய்விட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அம்மா மூன்றாம் நாளே உதடு வெடித்துச் சுருண்டு கிடப்பாள். எனக்குத் தாகமே எடுக்கவில்லை. என் பக்தியை நானே மெச்சிக்கொண்டேன். அலுவலகத்தில் தண்ணீர் பாட்டில் இல்லாத என் மேஜையைப் பார்த்து எதிர் மேஜைக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. குளித்து, விளக்கேற்றி, சஷ்டிப் பாராயணம் முடித்து, வழக்கம் போல ஊசியையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கன்டோன்மென்ட் சாலையில் போகும்போது முன்னால் போன ராணுவ லாரி இரண்டாகத் தெரிந்தது. ஸ்கூட்டரை ஓரங்கட்டி ஒரு வேப்பமரத்தில் சாய்ந்து நின்றேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காவலுக்கு நின்ற சிப்பாய் அருகில் வந்து, "பானி பியோகே, அம்மா?" என்று தன் பாட்டிலை நீட்டினான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவன் முகத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அதைக் குடித்திருக்கலாம்.

கடைசி நாள் சூரசம்ஹாரம். குன்றின் மேல் இருக்கும் முருகன் கோவிலில் செகந்திராபாத் தமிழர்கள் பாதிப் பேர் திரண்டிருந்தார்கள். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு படியேற்றினாள். அவளும் விரதம், ஆனால் அவள் இளநீர் குடித்திருந்தாள். கூட்டத்தின் அரோகரா சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் வேண்டுதல் பலிக்காது என்று தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். சூரன் தலை விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, கைதட்டலில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் திருக்கல்யாணம். விரதம் விடுவதற்கு முன்னால் எடை இயந்திரத்தில் ஏறினேன். நாலு கிலோவும் குறைந்து, அதற்குக் கீழே கொஞ்சம் போயிருந்தது. நான் கத்திய கத்தலில் மகள் ஓடி வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன். தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இலையில் போட்ட சாதத்தில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதுவும் நல்லதற்கே என்று நினைத்தேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். ரத்தம் எடுத்த பெண் நரம்பைத் தேடுவதற்குள் சலித்துப்போனாள்.

சாயங்காலம் போன் வந்தது. மறுபடி வரச் சொன்னார்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.

கிரியாட்டினின் என்ற சொல் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அது ரத்தத்தில் ஏறும். தம்பியின் பெயரோடு மட்டுமே நாங்கள் உச்சரித்து வந்த சொல் அது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயருக்கு நேராக அது ஏறியிருந்தது. எண்ணைக் கறுப்பு மையில் கொட்டையாக அடித்திருந்தார்கள். பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி.

"வாந்தி பேதி ஏதாவது? வலி மாத்திரை?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்?"

என் கணவர்தான் விரதத்தைச் சொன்னார்.

"உபவாசமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். தெலுங்குக்காரர், அவர் வீட்டிலும் எல்லா உபவாசமும் உண்டாம். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நிதானமாகச் சொன்னார். இந்த ஊசி பசியை மட்டும் அடக்குவதில்லை, பலருக்குத் தாகத்தையும் அடக்கிவிடும். தாகம் எடுக்கவில்லை என்றால் தண்ணீர் தேவையில்லை என்று அர்த்தமில்லை. உடம்பு வற்றிக் கிடக்கும்போது கேட்கக் கூடத் தெரியாமல் கிடந்திருக்கிறது. முதலில் அடி வாங்கியது சிறுநீரகம். குறைந்த நாலு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர், மீதியில் சதையும் போயிருக்கும். கொழுப்பு அப்படியேதான் இருக்கும்.

நான் பக்தி என்று மெச்சிக்கொண்டது ஊசியின் வேலை.

"தம்பிக்கு?" என்று கேட்டேன்.

இப்போதைக்கு உங்களைத் தானம் கொடுப்பவராக வைத்துக்கொள்ள முடியாது என்றார். ஊசியை நிறுத்திவைத்தார். அன்றே சலைன் ஏற்றினார்கள். பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். எனக்குப் பெரும்பாலும் என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. யாருக்குக் கொடுப்பதற்காகப் பாடுபட்டேனோ அந்தப் பொருளையே கெடுத்து வைத்திருக்கிறேன். படுக்கையில் கிடந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் மேல் கோபம் வந்தது, முருகன் மேல் கோபம் வந்தது, கடைசியில் கோபப்பட வேறு யாரும் மிஞ்சவில்லை.

தம்பியிடம் சொல்ல வேண்டாம், ஏதாவது சாக்குச் சொல்வோம் என்று தீர்மானித்திருந்தோம். தம்பி மனைவிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அடுத்த டயாலிசிஸ் முடிந்து எங்கள் வீட்டில் அவன் படுத்திருந்தபோது, அவள் சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு, "நான்தான மதினி விரதம் இருப்போம்னு சொன்னேன், நான்தான சொன்னேன்" என்று ஓவென்று அழுதாள். நிமிர்ந்தால் தம்பி வாசலில் நிற்கிறான். கையில் அந்தச் சின்ன பாட்டில்.

"விரதம்னா பால் பழம்னுல்லா நெனச்சேன். தண்ணி குடிக்காமயா இருந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயதிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவன், அன்றைக்குக் கத்தினான். கத்தத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு மடக்குத் தண்ணிக்கு நான் நாள் பூரா ஐஸைச் சப்பிக்கிட்டுக் கெடக்கேன். தம்ளர்ல தண்ணி ஊத்துற சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு அடைக்கி. குடிக்கக் கொடுத்து வச்சவ நீ, குடிக்காம இருந்திருக்கியே! யாரு கேட்டா ஒன்னிய?"

அவன் மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்துக் குழாய் ஏறி இறங்கியது. அப்புறம் மெதுவாக, "ஒனக்கும் இது வந்துட்டா நான் யார்ட்டக்கா கேக்க?" என்றான்.

அன்றிலிருந்து என் தண்ணீர் அவன் பொறுப்பு. வீட்டுக்கு வராத நாட்களில் வீடியோ காலில் வருவான். "குடிச்சியா? செம்பைக் கவுத்துக் காட்டு" என்பான். முட்டை தின்றேனா என்று கேட்பான். எனக்குக் குமட்டுகிறது என்றால் நக்கோ, வேண்டாம், சாக்குச் சொல்லாத என்று அதட்டுவான். அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கும்போதும் போன் அடிக்கும். முதலில் எரிச்சலாக வந்தது. பின்பு அந்த நேரம் வந்தால் கை தானாகப் பாட்டிலைத் தேடியது. அவித்த முட்டையை மிளகுத்தூளில் புரட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கப் பழகினேன். மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறிவிட்டது ஒருநாள் மேலே போன பிறகுதான் உறைத்தது.

சில வாரங்கள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. எண் இறங்கியிருந்தது. பழைய நிலைக்கே வந்துவிட்டது. இன்னும் ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, ஊசியைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம், நீங்களும் மறுபடி வரிசையில் நிற்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எடையும் திரும்பி வந்துவிட்டது. ஆவணியில் நின்ற அதே எண். அதே நாலு கிலோ. தம்பி கழுத்தில் அதே குழாய்.

அன்று சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து வந்தவனிடம் இரண்டு எண்ணையும் சொன்னேன். ஒன்று இறங்கியதற்குச் சிரிப்பதா, ஒன்று ஏறியதற்கு அழுவதா என்று எனக்கே தெரியவில்லை. அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். பெரிய செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, சிந்தாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அதை மேஜையில் வைத்து, தன் பாட்டிலிலிருந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி உதட்டை நனைத்துக்கொண்டு, செம்பை என்னிடம் நீட்டினான்.

"பொறவு குடிக்கேன்ல, வச்சிட்டுப் போ" என்றேன். அவன் கண்ணெதிரே குடிக்க எனக்கு எப்போதும் கூசும்.

"இப்பமே குடி. அது என் கிட்னி. ஒங்கிட்ட கொடுத்து வச்சிருக்கேன்."

செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தேன். தண்ணீர் இறங்கும் என் தொண்டையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினேன். "இன்னும் இருக்கு" என்றான். மீதியையும் குடித்தேன்.